சைட்டோகைன்: இயக்கியா, தூதா?

ஒரு செல் வெளியே விட்டு, இன்னொரு செல்லின் போக்கை மாற்றும் சிறு புரதம் சைட்டோகைன். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? கிரேக்கத்தில் ‘கைட்டோஸ்’ என்றால் உட்குழிந்த பாத்திரம். ‘கினேசிஸ்’ என்றால் அசைவு. பாத்திரத்தைக் குறித்த சொல்லை உயிரியலார் செல்லுக்கு ஆக்கிக்கொண்டார்கள். இலங்கைப் பாடநூல்களும் செல்லைக் ‘கலம்’ என்றே எழுதுகின்றன. கலமும் பாத்திரம்தானே! அந்தப் பொருத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

1969 முதல் இப்புரதங்களுக்கு ‘லிம்ஃபோகைன்’ என்ற பெயர் வழங்கியது. லிம்ஃபோசைட் என்னும் வெள்ளணுக்களில் இருந்து வருபவை என்பது அதன் பொருள். வேறு செல்களும் இவற்றைச் சுரப்பது தெரிந்தபின், 1974-இல் ஸ்டான்லி கோஹன் குழுவினர் சைட்டோகைன் என்று பொதுப்பெயர் வைத்தார்கள்.

நேராகத் தமிழாக்கினால் ‘செல் இயக்கி’ என்று வரும். காசநோய்க் கிருமியின் முன்னால் இவை செய்யும் வேலையைப் பார்த்தால் அந்தப் பெயர் போதாது.

மூச்சோடு நுரையீரலுக்குள் போகும் காசநோய்க் கிருமியான மைக்கோபாக்டீரியாவைப் பெருவிழுங்கி செல்கள் விழுங்குகின்றன. கிருமி சாவதில்லை. தான் அடைபட்ட பையில் செரிப்பு நொதிகள் வந்து சேராமல் தடுத்து, விழுங்கிய செல்லுக்குள்ளேயே பெருகுகிறது. அப்போது இன்டர்லூகின்-12 என்ற சைட்டோகைன், டி செல்கள் என்னும் வெள்ளணுக்களை எழுப்புகிறது. அவை இன்டர்ஃபெரான் காமா என்ற இன்னொரு சைட்டோகைனைச் சுரக்க, பெருவிழுங்கிக்குக் கொல்லும் வலு கூடுகிறது. அந்தச் செய்தியை வாங்கும் ஏற்பி பிறவியிலேயே பழுதான குழந்தைகளைப் பற்றி 1996-இல் அறிவித்தார்கள். மற்றவர்களுக்குத் தீங்கு செய்யாத வலுக்குறைந்த மைக்கோபாக்டீரியாக்களே அவர்களுக்குக் கடும் நோயைத் தந்தன. ஒரே ஒரு செய்தி போய்ச் சேராததன் விலை அது.

டிஎன்எஃப் என்ற சைட்டோகைனின் முழுப்பெயர் ‘கட்டியை அழுகச் செய்யும் காரணி’ என்று பொருள்படும். காசநோயிலோ அது கிருமியைச் சுற்றிச் செல்கள் எழுப்பும் கிரானுலோமா என்ற அரண் கலையாமல் காக்கிறது. முடக்குவாதத்துக்காக டிஎன்எஃபைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்து பெற்ற சிலருக்கு, உடலில் உறங்கிக் கிடந்த காசநோய் விழித்துக்கொண்டது 2001-இல் பதிவானது.

இன்டர்லூகின்-10 என்ற சைட்டோகைன் செய்வது நேர்மாறு: பெருவிழுங்கியை அடக்குகிறது. அழற்சி எல்லை மீறி நுரையீரலையே அரிக்காமல் இருக்க அதுவும் வேண்டும். மிகுந்தால் கிருமி தப்பிவிடும். அடக்குவதை எப்படி ‘இயக்கி’ என்பது?

ஆகவே நான் ‘கலத்தூது’ என்று எழுதுகிறேன். தூதில் ‘போரிடு’ என்றும் சொல்லி அனுப்பலாம், ‘நிறுத்து’ என்றும் சொல்லலாம். கிளியையும் மேகத்தையும் தூது விட்ட மொழிக்கு இது புதிதல்ல. ஹார்மோனும் தூதுதானே என்று கேட்கலாம். அதற்கு ‘இயக்குநீர்’ என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ‘கினேசிஸ்’ தமிழில் விடுபடுவது உண்மைதான். வேர்ச்சொல்லைவிட வேலையைச் சொல்வது முக்கியம் என்று கருதி அதை விட்டுவிட்டேன். இன்டர்ஃபெரான் காமா போன்ற தனிப்பெயர்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ரத்தப் பரிசோதனைச் சீட்டிலும் அந்தப் பெயர்தான் இருக்கும்.