குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்று நினைக்காதீர்கள்

"தூக்கத்துல ஒரு குறையும் இல்ல டாக்டர். படுத்தா அப்பா மாதிரியே குறட்டைதான்."

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எட்டு வயது மகனோடு வந்த தாய் இப்படிச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தேன். அவர் குறட்டைக்காக வரவில்லை. வகுப்பில் பையன் ஓரிடத்தில் உட்காருவதில்லை, காலையில் சொன்ன வாய்ப்பாடு மதியத்துக்குள் மறந்துபோகிறது என்று ஆசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார்.

பையனின் வாய் திறந்தே இருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. இரவில் தலையணை வியர்வையில் நனையுமா என்று கேட்டேன். "ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தால், இரண்டு டான்சிலும் தொண்டை நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

டான்சிலும் மூக்கின் பின்னாலுள்ள அடினாய்டும் பெருத்தால் தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடும். பிள்ளை திணறும், மூளை அரைகுறையாக விழித்து மூச்சை மீட்கும். ஓர் இரவில் பலமுறை இப்படி நடந்தாலும் காலையில் அதற்கு ஒன்றும் நினைவிருக்காது. பகலில் படித்ததை மூளை பதியவைப்பதில் ஆழ்ந்த தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது துண்டு துண்டானால் கவனமும், சொன்னதை மனதில் வைத்துக் கணக்குப் போடும் திறனும் அடிவாங்கும். தூக்கம் கெட்ட பிள்ளைகள் பெரியவர்களைப் போலச் சோர்ந்து விழுவது குறைவு. ஓடும், எரிந்துவிழும், அழும். 'சேட்டை', 'மந்தம்' என்ற பெயர் அதற்குள் ஒட்டிவிடுகிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

குறட்டையே இல்லாமலும் தூக்கம் குறையலாம். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். தீபகற்ப மலேசியாவில் நம் கடிகாரத்தை 1982-இல் அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து கோலாலம்பூரில் ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது. பள்ளி வேனோ இருட்டிலேயே வந்துவிடும். ஐந்தரைக்கு எழும் பிள்ளை எட்டரைக்காவது தூங்க வேண்டும். நம் வீடுகளில் அப்போதுதான் டியூஷன் முடிகிறது, அப்புறம் சாப்பாடு, கைப்பேசி.

டான்சிலையும் அடினாய்டையும் அகற்றும் அறுவை சிகிச்சை செய்தால் மதிப்பெண் ஏறுமா என்று பெற்றோர் கேட்பார்கள். 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளை ஏழு மாதம் கழித்துச் சோதித்தபோது, அறுவை செய்தவர்களுக்கும் செய்யாமல் காத்திருந்தவர்களுக்கும் இடையே கவனச் சோதனையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அறுவை செய்தவர்களின் தூக்கமும் நடத்தையும் நன்றாகத் தேறியிருந்தன. அதனால் நான் மதிப்பெண்ணுக்கு வாக்குக் கொடுப்பதில்லை.

வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை, இடையில் மூச்சு நிற்பது, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்புவது, இதில் ஏதாவது இருந்தால் சட்டையைக் கழற்றி, நெஞ்சு தெரியும்படி ஒரு நிமிடம் கைப்பேசியில் வீடியோ எடுங்கள். அதை அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.