டிரங்குப் பெட்டியில் இருக்கும் சாட்சியத்தை எங்கே கொடுப்பது?

வேலூரை அடுத்த மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் ஓர் அக்கா தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். தம்பியின் பள்ளிச் சான்றிதழ், மருத்துவமனைச் சீட்டு, கிராம சேவகர் எழுதிக் கொடுத்த கடிதம், மூலை கிழிந்த ஒரு புகைப்படம். "இத்தனை வருடம் கழித்து இதை யார் கேட்கப்போகிறார்கள்?" என்றார். இலங்கைப் போரில் நடந்த குற்றங்களுக்கான சாட்சியத்தைக் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. அது எது, அங்கே எது நடக்கும், எது நடக்காது என்பதை அவருக்குச் சொன்னபடியே எழுதுகிறேன்.

முதலில், போரில் நேர்ந்த ஒவ்வொரு மரணமும் சட்டப்படி போர்க்குற்றம் ஆகிவிடாது. பொதுமக்களைக் குறிவைத்துத் தாக்குவது, மருத்துவமனை என்று தெரிந்தே ஷெல் (பீரங்கிக் குண்டு) அடிப்பது, சரணடைந்தவரைக் கொல்வது, மக்களைக் கேடயமாகப் பிடித்து வைப்பது, சிறுவர்களைப் படையில் சேர்ப்பது ஆகியவை குற்றங்கள். செய்தது அரசுப் படையா, புலிகளா என்பதற்கு இதில் சலுகை இல்லை. போர் விதிகளை வகுத்த 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் நான்குக்கும் பொதுவான 3ஆம் பிரிவு உள்நாட்டுப் போரையும் கட்டுப்படுத்துகிறது. 1806 ஜூலையில் சிப்பாய்க் கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர், நம் வேலூர்க் கோட்டைக்குள் அரண்மனையில் இருந்து சுமார் 100 சிப்பாய்களை இழுத்து வந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். சுட்டவர்களைக் கூண்டில் ஏற்ற அன்றைக்கு இப்படி ஒரு சட்டம் இல்லை.

அதனால்தான் "ஷெல் விழுந்தது, அண்ணன் இறந்தார்" என்பதோடு நிறுத்தக் கூடாது. எந்தத் திசையிலிருந்து வந்தது? பகலா, இரவா? பக்கத்தில் ஆயுதம் ஏந்தியவர்கள் இருந்தார்களா? கூரையில் செஞ்சிலுவைக் குறி இருந்ததா? மக்கள் ஒதுங்கும் பாதுகாப்பு வலயம் என்று அரசு அறிவித்த பிறகா, முன்பா? விபத்தையும் குற்றத்தையும் பிரித்துக் காட்டுபவை இந்தச் சின்னச் சின்ன விவரங்கள்தான்.

எல்லோரும் முதலில் கேட்பது ஹேக் நகரில் இருக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தைப் பற்றி. அந்தக் கதவு இன்று நமக்குத் திறக்கவில்லை. இலங்கை அதில் உறுப்பினர் இல்லை. இலங்கையே அதன் அதிகாரத்தை ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் ஐ.நா. பாதுகாப்புச் சபை வழக்கை அனுப்ப வேண்டும். அந்தச் சபையில் ஐந்து நாடுகளின் கையில் வீட்டோ என்னும் தடுக்கும் அதிகாரம் இருக்கிறது. அதுவும் 2002 ஜூலை 1 முதல் நடந்தவற்றை மட்டுமே அந்த நீதிமன்றம் விசாரிக்கும். 1990இல் படகேறி வந்தவர் கண்டதை அது தொடாது. இதை மறைத்து நம்பிக்கை ஊட்டுவது பாவம்.

திறந்திருக்கும் இடம் ஜெனீவாவில் இருக்கிறது. ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2021 மார்ச்சில் நிறைவேற்றிய 46/1 தீர்மானத்தின்படி, மனித உரிமை ஆணையர் அலுவலகத்துக்குள் இலங்கைக்கென ஒரு பொறுப்புக்கூறல் பிரிவு அமைந்தது. பின்னர் 2022இலும் 2024இலும் அதன் பணி நீட்டிக்கப்பட்டது. அது நீதிமன்றம் அல்ல. யாரையும் கைது செய்யாது. சான்றுகளைத் திரட்டி, ஆராய்ந்து, கெடாமல் காக்கிறது. நாளை ஏதேனும் ஒரு நாட்டு நீதிமன்றம் விசாரிக்க முன்வந்தால், கொடுத்தவரின் சம்மதத்தோடு பகிர்கிறது.

அப்படி நடக்குமா என்றால், நடந்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் சாட் நாட்டு அதிபராக இருந்த ஹிசேன் ஹப்ரே 1990இல் பதவி இழந்து செனகலுக்கு ஓடினார். அவர் ஆட்சியில் பாதிக்கப்பட்டவர்கள் விடவில்லை, 2016இல் அதே செனகலில் அவருக்கு ஆயுள் தண்டனை விழுந்தது. 2022இல் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்றம் சிரிய உளவு அதிகாரி அன்வர் ரஸ்லானுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அங்கே சாட்சிக் கூண்டில் ஏறியவர்களில் பலர், சிரியாவிலிருந்து தப்பி வந்த அகதிகள்.

நம் சத்துவாச்சாரி நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். இந்தியாவில் 1960ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் இருக்கிறது. ஆனால் அதன்படி அரசின் புகார் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை எடுக்காது. தனிமனிதருக்கு அந்த வழி இல்லை.

ஜெனீவாப் பிரிவிடம் சாட்சியம் கொடுக்க முடிவு செய்தால், இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. நஷ்ட ஈடு வாங்கித் தருகிறேன், வெளிநாட்டு விசா வரும் என்று யாராவது பணம் கேட்டால் கதவைச் சாத்திவிடுங்கள். மூலப் பத்திரத்தை யாரிடமும் விட வேண்டாம், நகல் போதும். வருகிறவர் எல்லோரிடமும் வாக்குமூலத்தைப் பதிவு செய்யவும் விடாதீர்கள். ஒரே சம்பவம் நான்கு விதமாகப் பதிவானால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அந்த வேறுபாட்டைத்தான். ஊரில் இன்னும் உறவினர் இருந்தால் அவர்களின் பாதுகாப்பை முதலில் யோசியுங்கள். பெயரை யார் பார்க்கலாம் என்று சொல்லும் உரிமை உங்களுடையது. வேண்டாம் என்று முடிவெடுப்பதற்கும் உரிமை உண்டு.

அதற்கு முன் ஒரு வேலை. ஞாபகம் இருப்பதை ஒரு நோட்டில் நீங்களே எழுதி, எழுதிய தேதியைப் போடுங்கள். கண்ணால் பார்த்தது தனியாக, பிறர் சொல்லிக் கேட்டது தனியாக. புகைப்படத்தின் பின்னால் பெயரையும் இடத்தையும் பென்சிலால் மட்டும் எழுதுங்கள். பேனா மை ஊறினால் முகம் கெட்டுவிடும்.