சுவரிலிருந்து தொடங்குங்கள்: நம்ம குமரி மாவட்டத்தில் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போகிறவர்களுக்கு

போன மழைக்காலத்தில் குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு பையனும் அவன் அப்பாவும் ஒரு கம்ப்யூட்டரைப் பெட்ஷீட்டில் பொதிந்து ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். வாங்கிப் பதினாலு மாதம். பையன் ஆறு மாதம் வீடியோ பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பாகங்கள், அப்பா கடலுக்குப் போய்ச் சேர்த்த பணம். கேபினெட்டின் பக்கக் கண்ணாடியைக் கழற்றியதுமே தெரிந்துவிட்டது. ஸ்க்ரூ எல்லாம் துரு, கிராபிக்ஸ் கார்டின் அலுமினியத் தகடுகளில் வெள்ளைப் பொடி, அது செருகும் இடத்தில் பச்சைக் கறை. கார்டை வாரண்டிக்கு அனுப்பினோம், அரிப்பு இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "தம்பி, மூணு வருசம் வாரண்டின்னுல்லா சொன்னாவ?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்தப் பையன் எடுத்த பாகங்களில் ஒன்றுகூடத் தப்பில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ ஏசி அறையில் வைத்திருந்தால் நன்றாக ஓடியிருக்கும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு ஜன்னலுக்குக் கீழே அது இருந்தது, அவ்வளவுதான். நாகர்கோவிலில் இருந்துகொண்டு இத்தனை வருடமாக அசெம்பிளும் சர்வீஸும் பண்ணுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், என்னிடம் ரிப்பேருக்கு வரும் விலை உயர்ந்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை பிராசஸரைத் தப்பாக எடுத்ததால் கெட்டவை இல்லை. கரண்டும் காற்றும் கெடுத்தவை. அதனால் யார் வந்து "அண்ணே, எந்த கார்டு போடலாம்?" என்று கேட்டாலும் நான் முதலில் கேட்பது உங்கள் வீடு எங்கே, பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்பதைத்தான்.

எர்த்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. தக்கலை பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டில் ஒரு அம்மா கம்ப்யூட்டர் பெட்டியைக் காட்டி என்னிடம் சொன்னார், "அதைத் துடைக்கத் தொட்டா சுள்ளுன்னு இருக்கு மக்கா, எறும்பு கடிச்ச மாதிரி." இதை நிறைய வீடுகளில் கேட்டிருப்பீர்கள். காரணம் இதுதான். எஸ்.எம்.பி.எஸ்., அதாவது கம்ப்யூட்டருக்குக் கரண்டை மாற்றித் தருகிற பவர் சப்ளை பெட்டி, அதன் உள்ளே கரண்டு நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும், ஒன்று பேஸிலிருந்து உலோக பாடிக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து பாடிக்கு. எர்த் இருந்தால் அதில் கசிகிற துளி கரண்டு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் போக வழியில்லாமல் கேபினெட் முழுக்க நம் 230 வோல்ட்டில் பாதி, சுமார் 115 வோல்ட் வந்து நிற்கும். கசிவு மிகக் குறைவு என்பதால் ஆளை அடிக்காது, சுள்ளென்று மட்டும் இருக்கும். ஆனால் அந்த நிலையில் யு.எஸ்.பி., எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகும்போது மானிட்டர் போர்ட், மதர்போர்டு போர்ட் போய்விடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நாளைக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸில் பேஸ் நேராகப் பாடியில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வயர்மேனைக் கூப்பிட்டு மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 பக்கம் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. ஆனால் இதிலும் ஒரு ஏமாற்று உண்டு. சில வீடுகளில் எர்த் வயரே இல்லாமல், சாக்கெட்டுக்குள் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து எர்த் ஓட்டையில் மாட்டி வைத்திருப்பார்கள். மீட்டர் அழகாகப் பூஜ்யம் காட்டும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் கேபினெட் முழுக்க முழு கரண்டு ஏறும். அதனால் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம், சாக்கெட்டைக் கழற்றி வயர் எங்கே போகிறது என்று கண்ணால் பாருங்கள். எர்த்துக்காகக் கடற்கரை மணலில் புதைத்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் சீக்கிரம் அரித்துப் போகும், பத்து வருடத்துக்கு முன் போட்ட எர்த் இப்போதும் வேலை செய்யும் என்று நினைத்துவிடாதீர்கள்.

நியூட்ரல் அறுவது நம் ஊரில் அபூர்வம் இல்லை. தென்னந்தோப்பு நடுவே லைன் போகிறது, காற்றடித்தால் மட்டை விழுகிறது. மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் மட்டும் அறுந்தால் ஒரு வீட்டில் வோல்டேஜ் இறங்கும், பக்கத்து வீட்டில் 300ஐத் தாண்டி 400 வரைக்கும் ஏறக்கூடும். இதற்கு ஸ்பைக் பஸ்டர் போதாது. கடையில் ஸ்பைக் பஸ்டர் என்று விற்பதில் பாதி வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். மெயின் போர்டில் வோல்டேஜ் ஏறினால் இறங்கினால் தானாகக் கட் ஆகிற ஒரு புரொடெக்டரைப் போடுங்கள், கூடவே கரண்டு கசிந்தால் கட் ஆகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும். இடி விஷயத்தில் குறுக்கு வழியே இல்லை. சித்திரை மாதத்துச் சாயங்கால மழையும் ஐப்பசி மழையும் இடியோடு வரும்போது பிளக்கைப் பிடுங்குங்கள், இன்டர்நெட் பாக்ஸிலிருந்து வரும் லேன் கேபிளையும் சேர்த்து. பிளக்கைப் பிடுங்கிவிட்டு லேனை மறந்துவிட்டுப் போர்டை இழந்தவர்கள் உண்டு.

அடுத்தது யு.பி.எஸ். 600 வி.ஏ. என்று எழுதியிருப்பதைப் பார்த்து 600 வாட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சாதாரணமாக அது 360 வாட்தான் தரும். கேம் ஓடும்போது 450, 500 வாட் இழுக்கிற கம்ப்யூட்டரை அதில் மாட்டினால் கரண்டு போன அந்த நொடியே அதுவும் சேர்ந்து அணையும், அப்புறம் எதற்கு அது? ப்யூர் சைன் வேவ் (லைன் கரண்டு மாதிரியே சீரான அலை) தருகிற, வாட் கணக்கில் உங்கள் கம்ப்யூட்டரைவிடப் பெரிய யு.பி.எஸ். எடுங்கள். விலை அதிகம் என்றால் வீட்டு இன்வெர்ட்டரே பரவாயில்லை, ஆனால் அதன் பின்பக்க ஸ்விட்சை யு.பி.எஸ். மோடில் வையுங்கள். கரண்டு போனதும் சுமார் 16 மில்லி செகண்ட்தான் எஸ்.எம்.பி.எஸ். தாக்குப்பிடிக்கும், நார்மல் மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுக்கும்.

இப்போது எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கே வருவோம். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் பட்ஜெட்டில் கடைசியாக மிச்சம் இருக்கிற பணத்தில் வாங்குகிற பொருள் இதுதான், எனக்கு மனசு பதறுவதும் இதைப் பார்த்துத்தான். பெட்டி மேல் 500 வாட் என்று எழுதியிருக்கும். பக்கத்து ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்று இருந்தால் 12ஐ 18ஆல் பெருக்குங்கள், 216 வாட். உங்கள் கார்டும் பிராசஸரும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான், மீதி எண் எல்லாம் அலங்காரம். நல்ல 750 வாட் சப்ளையில் அந்த இடத்தில் 62 ஆம்பியருக்குப் பக்கமாக இருக்கும். 80 பிளஸ் கோல்டு என்ற முத்திரை கரண்டை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. பாதி லோடில் கோல்டுக்கு 90 சதவீதம், அதற்குக் கீழே உள்ள பிரான்ஸ் (Bronze) முத்திரைக்கு 85. ஷார்ட் ஆனால், வோல்டேஜ் ஏறினால் அது உங்கள் கார்டைக் காப்பாற்றுமா என்பதை அந்த முத்திரை சொல்லாது. அதற்கு ரிவ்யூ படிக்க வேண்டும், எத்தனை வருட வாரண்டி என்று பார்க்க வேண்டும். ஏழு, பத்து வருடம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒன்றைப் பாருங்கள்.

எத்தனை வாட் வேண்டும் என்பது கார்டைப் பொறுத்தது. ஆர்.டி.எக்ஸ். 5070 டி.ஐ. 300 வாட் கார்டு, அதற்கு என்விடியாவே 750 வாட் சப்ளை சொல்கிறது. 5080க்கு 850. 5090 மட்டும் தனியாகவே 575 வாட் சாப்பிடும், அதற்கு 1000. ஏ.டி.எக்ஸ். 3.1 என்ற புதிய தரம் போட்ட சப்ளையாகப் பார்த்து வாங்கினால் கார்டு திடீரென்று நொடியில் ஒரு துளி நேரம் இரண்டு மடங்கு இழுத்தாலும் தாங்கும்.

இந்தக் கார்டுகளுக்குக் கரண்டு கொண்டுபோகும் பதினாறு பின் கனெக்டரைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 அக்டோபரில் ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டு வந்தபோது அந்த கனெக்டர் உருகுகிறது என்று உலகம் முழுக்கப் பேச்சானது நினைவிருக்கும், முழுதாகச் செருகாததுதான் முக்கியக் காரணம் என்று என்விடியா சொன்னது. பிறகு பின்களின் நீளத்தை மாற்றிப் புதிய வடிவம் கொண்டுவந்தார்கள். புதியதோ பழையதோ, இடைவெளி துளிகூடத் தெரியாதபடி அழுத்திச் செருகுங்கள், கனெக்டரை ஒட்டி வயரை மடக்காதீர்கள். கண்ணாடி மூட வேண்டும் என்பதற்காக வயரை மடக்கிக் கட்டுகிறார்கள், அது தப்பு. அகலமான கேபினெட்டாக எடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது.

கேபினெட் என்றதும் மறுபடி அந்தக் குளச்சல் பையன்தான் ஞாபகத்துக்கு வருகிறான். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி நசநசவென்று நனைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கடல்காற்றோடு வரும் கண்ணுக்குத் தெரியாத உப்பு தூசியோடு சேர்ந்து போர்டில் படிகிறது, நமக்கோ ஆனியில் ஒரு மழைக்காலம், ஐப்பசியில் இன்னொன்று. படிந்த உப்பு நனைந்தால் அது கரண்டு கடத்தும், உலோகத்தையும் அரிக்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபிறகு பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டு இல்லாமல் கிடந்தது. கரண்டு வந்ததும் ஸ்விட்ச் போட்டு அப்படியே போனவை எத்தனையோ என் மேஜைக்கு வந்தன, ஈரம் ஊறி நின்ற போர்டுகள்.

அதனால் முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி, தேங்காப்பட்டணம் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, நான்கு பக்கமும் ஓட்டை போட்ட அழகான மெஷ் கேபினெட் வேண்டாம். முன்பக்கம் கழற்றிக் கழுவுகிற பில்டர் இருக்க வேண்டும், உள்ளே காற்றிழுக்கும் பேன்கள் வெளியே தள்ளும் பேன்களைவிட அதிகமாக இருக்க வேண்டும், அப்போதுதான் காற்று பில்டர் வழியாக மட்டும் வரும், இடுக்கு வழியாக வராது. பில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். கடல் பார்த்த ஜன்னலிலிருந்து தள்ளி, தரையில் வைக்காமல் ஒரு ஸ்டாண்டில் வையுங்கள். மழைக்காலத்தில் தினமும் ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள், உள்சூடே ஈரத்தைத் துரத்தும். பரீட்சை என்று இரண்டு மாதம் மூடிவைப்பதுதான் ஆபத்து. பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் உப்பு இல்லை, ஆனால் ஈரமும் எறும்பும் உண்டு. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் எறும்பு கூடு கட்டியதையும் பல்லி கருகிக் கிடந்ததையும் கழற்றி எடுத்திருக்கிறேன். பயன்படுத்தாத பின்பக்க ஸ்லாட்களை மூடி வையுங்கள்.

இவ்வளவும் முடிந்தபிறகு பிராசஸருக்கும் கார்டுக்கும் வாருங்கள், அது எளிது. முதலில் மானிட்டரைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 படம்தான் காட்டும், அதை வைத்துக்கொண்டு 5080 வாங்குவதில் அர்த்தமில்லை. 1440பி (2560 x 1440 புள்ளிகள்) திரை, 144 ஹெர்ட்ஸுக்கு மேல் என்றால் 16 ஜி.பி. மெமரி உள்ள கார்டு, 5070 டி.ஐ. அல்லது ரேடியான் 9070 எக்ஸ்.டி. எட்டு ஜி.பி. கார்டை இந்தப் பட்ஜெட்டில் எடுக்காதீர்கள். கேமுக்கு மட்டும் என்றால் ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசஸர் போதும், அதன் 96 எம்.பி. கேஷ் (cache, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி)தான் கேமில் வித்தியாசம் காட்டுகிறது, எட்டு கோருக்கு மேல் கேமுக்குப் பெரிதாகத் தேவைப்படாது. ரேம் 2025 கடைசியில் விலை எகிறியதால் நிறையப் பேர் நான்கு சிறிய ஸ்டிக்காக வாங்கப் பார்க்கிறார்கள், வேண்டாம். இப்போதைய டி.டி.ஆர்.5 வகை ரேமில் நான்கு போட்டால் வேகம் இறங்கும். இரண்டு 16 ஜி.பி. ஸ்டிக்கை பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட்டு, பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் பக்கம்) எக்ஸ்போவை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங்கை, ஆன் பண்ணுங்கள். இதை ஆன் பண்ணாமலே ஒரு வருடம் 4800 என்ற குறைந்த வேகத்தில் ஓட்டியவர்கள் வந்திருக்கிறார்கள்.

பழைய பாகம் வாங்குவதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 பிராசஸர்களில் தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறித் தேய்ந்துபோகும் கோளாறு இருந்தது, 2024 ஆகஸ்டில் அதற்கு மைக்ரோகோட் (பயாஸ் அப்டேட் வழியாக வரும் பிராசஸர் திருத்தம்) வந்தது, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே தேய்ந்ததை அந்த அப்டேட் சரிசெய்யாது, முந்தைய ஆள் பயாஸை அப்டேட் பண்ணாமல் எவ்வளவு நாள் ஓட்டினார் என்று தெரியாமல் வாங்காதீர்கள்.

இன்னொன்று வளைகுடாவிலிருந்து வரும் கார்டு. மாமாவோ அண்ணனோ துபாயிலிருந்து வரும்போது ஒன்று வாங்கிவரச் சொல்வது நம் வீடுகளில் சகஜம், விலையும் சில சமயம் குறைவாக இருக்கும். ஆனால் பல கம்பெனிகளின் வாரண்டி வாங்கிய நாட்டில்தான் செல்லும். வாங்கும் முன்பே அந்தக் கம்பெனியின் இந்திய சர்வீஸ் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். இங்கே வாங்கினால் சீரியல் நம்பர் எழுதிய ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள், வெறும் எஸ்டிமேட் சீட்டு வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோன அன்றே பில்லையும் கார்டின் சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்து அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அனுப்பி வையுங்கள், ஏனென்றால் சூட்டில் அச்சாகும் தெர்மல் ரசீதுத் தாளில் உள்ள எழுத்து ஒரு வருடத்தில் வெளுத்துவிடும்.