ஹால்ட்: நிறுத்தமா, தரிப்பிடமா?

மூடிக் கிடக்கும் கிராமத்து ரயில் நிலையங்கள் பலவற்றின் கடைசிக் காலத்தில், ஊர்ப் பெயருக்குப் பின்னால் ‘ஹால்ட்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். பதவி இறக்கத்தின் அடையாளம் அது.

ரயில் நிற்கும், ஆட்கள் ஏறி இறங்கலாம். ஹால்ட் என்றால் அவ்வளவுதான். நிலைய அதிகாரி, சிக்னல், தண்டவாளம் பிரியும் பாயிண்ட் எதுவும் கிடையாது. இந்திய ரயில்வேயில் இங்கே டிக்கெட் தருபவர்கூடப் பெரும்பாலும் ஊழியர் அல்ல, கமிஷனுக்கு விற்கும் ஒப்பந்த முகவர்.

சொல்லின் பிறப்பு போர்க்களத்தில். ‘ஹால்டன்’ என்ற ஜெர்மன் வினைக்குப் பிடி, நிறுத்து என்று பொருள். நடந்துகொண்டிருக்கும் படையை நிற்கச் சொல்லும் கட்டளையாக இருந்த ‘ஹால்ட்’, 16ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. ரயிலுக்கு வந்தது வெகு காலம் கழித்துத்தான். 1903இல் இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே, எஞ்சினும் பெட்டியும் ஒரே வண்டியாக அமைந்த ரயில் மோட்டாரை ஸ்டோன்ஹவுஸ், சால்ஃபோர்டு ஊர்களுக்கிடையே விட்டது. வழியில் அது நின்ற சின்னச் சின்ன இடங்களுக்கு முதலில் வைத்த பெயர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் ‘ஹால்ட்டே’.

அப்படிப் புதிதாகப் பிறந்த ஹால்ட் ஒரு வகை. நிலையமாக இருந்து தேய்ந்து ஹால்ட் ஆனது இன்னொரு வகை. சரக்கு லாரிக்குப் போய்விடும், ஒரு ரயில் ஒதுங்கி நின்று இன்னொன்றுக்கு வழிவிடும் பக்கப் பாதையான லூப் லைனைப் பெயர்த்துவிடுவார்கள், ஊழியர்களை வேறிடத்துக்கு மாற்றிவிடுவார்கள், பலகையில் பெயர் நீளும். அப்புறம் ஒருநாள் ரயிலும் நிற்காது. 1963இல் பிரிட்டனின் ரயில்வே வாரியத் தலைவர் பீச்சிங் தந்த அறிக்கை மூடச் சொன்ன 2,363 இடங்களில் இரண்டு வகையும் உண்டு. எது எந்த வகை என்று இடத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். நடைமேடை ஓரம் இன்றைய தண்டவாளத்தைத் தொடாமல் ஒரு பாதையின் அகலத்துக்குத் தள்ளி நின்றால், அங்கே லூப் லைன் இருந்திருக்கிறது. அது முன்பு முழு நிலையம். மரப்பலகை மேடை மட்டும் போட்ட ஹால்ட்டாக இருந்தால் பெரும்பாலும் தடயமே மிஞ்சாது.

சரி, தமிழில்? ‘நிறுத்தம்’ என்பதே பரவலான சொல். பேருந்துக்கு அது கச்சிதம். ரயிலுக்கு வரும்போதுதான் சிக்கல்: ‘ரயில் நிறுத்தம்’ என்று தலைப்பைப் பார்த்தால் சேவையையே நிறுத்திவிட்டார்கள் என்றும் படலாம். மூடிய ஹால்ட்டைப் பற்றி எழுதப் போனால் ‘நிறுத்தம் நிறுத்தப்பட்டது’ என்றுதான் எழுத வேண்டிவரும்! ‘சிறு நிலையம்’ அளவைச் சொல்கிறது, ஆளில்லாததைச் சொல்லவில்லை.

இலங்கைத் தமிழர்கள் பஸ் நிற்கும் இடத்தைத் ‘தரிப்பிடம்’ என்கிறார்கள். தரித்தல் என்றால் சற்றே தங்கி நிற்பது. ‘இடம்’ சேர்ந்திருப்பதால் செயலோடு குழம்பாது. என் ஓட்டு ‘ரயில் தரிப்பிடம்’ என்பதற்குத்தான். மூடியதை ‘முன்னாள் தரிப்பிடம்’ எனலாம். பேச்சில் ஹால்ட் ஹால்ட்டாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.