‘பஃப்’: என்ன கொடுத்தால் தேறும்?

பினாங்கில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகனுக்குப் பதினாறு வயது. கற்பனை உயிரினங்களை மோதவிடும் போக்கிமான் ஆட்டத்தின் பிஜியாட் என்ற பறவையைப் பற்றிக் கைப்பேசியில் நண்பனிடம் கத்திக்கொண்டிருந்தான்: “பிஜியாட்டுக்கு ஒரே ஒரு பஃப் குடுத்தா போதும்டா, அப்புறம் பாரு!” கூடத்தில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த அம்மா, மூடிய கண் மூடியபடியே கேட்டார்: “யாருக்குடா கறிபாப் வேணும்?”

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. நம் எழுத்தில் ‘ப’ ஒன்றுதான். கறிபாப் போல ஊதிப் பொரிந்த பலகாரத்தின் பஃப்பும் (puff), போக்கிமான் ஆட்டத்தின் பஃப்பும் (buff) எழுதினால் ஒரே உருவம்தான். பினாங்கின் லெபோ பாசார் கடைத்தெருப் பக்கம் போய் பஃப் என்றால் உருளைக்கிழங்கு வைத்துத்தான் கொடுப்பார்கள்.

ஆட்டக்காரர்கள் சொல்லும் பஃப் வேறு. ஆட்டத்தை உருவாக்குபவர்கள் ஒரு பாத்திரத்தின் வலிமையைக் கூட்டி வைப்பது பஃப். குறைத்து வைப்பது நெர்ஃப். போக்கிமானில் தாக்கு, தற்காப்பு, வேகம் போன்றவற்றுக்கு அடிப்படைப் புள்ளிகள் உண்டு. அந்தப் புள்ளி கூடினாலும் பஃப்தான், புதிய தனித்திறன் கிடைத்தாலும் பஃப்தான்.

சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டே போனால் எருமையில் போய் முட்டிக்கொள்வோம். லத்தீனில் எருமையைக் குறித்த ஒரு சொல் இத்தாலிய மொழியில் ‘புஃபலோ’ ஆனது, பிரெஞ்சில் ‘புஃப்ல்’ ஆனது, பிறகு ஆங்கிலத்தில் ‘பஃப்’ என்று தேய்ந்தது. முதலில் எருமையை, பிறகு எருமைத் தோலை, அப்புறம் பதப்படுத்திய எந்த மாட்டுத் தோலையும் அது குறித்தது. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் போர்வீரர்கள் வாள் வெட்டுக்குக் காப்பாக அணிந்த தடித்த தோல் அங்கிக்குப் பெயரே ‘பஃப் கோட்’. யோசித்துப் பார்த்தால் அது அசல் தற்காப்புப் பஃப்!

அந்தத் தோலின் வெளிர்மஞ்சள் நிறத்துக்கும் அதே பெயர் வந்தது. தோல் துண்டால் உலோகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் பஃப் ஆயிற்று; கார் கடைகளில் இன்றும் ‘பஃபிங்’ என்கிறார்கள். 1980களில் அமெரிக்கக் கொச்சையில் உடற்பயிற்சி செய்து உடம்பை ஏற்றியவனைப் பஃப் என்றார்கள். 1999இல் வந்த எவர்குவெஸ்ட் போன்ற இணைய ஆட்டங்களில், கூட்டாளியின் வலிமையைக் கூட்டப் போடும் மந்திரத்துக்கு அந்தப் பெயர் நிலைத்தது. நெர்ஃப்பின் கதை சின்னது. அது மெத்தென்ற நுரைப் பொம்மைகளின் வணிகப் பெயர். அல்டிமா ஆன்லைன் ஆட்டத்தில் வாள்களின் வலிமையைக் குறைத்ததும், “நுரைவாளால் அடிப்பது போலிருக்கிறது” என்று கேலி செய்தார்கள். கேலி கலைச்சொல்லாகிவிட்டது.

எருமை என்றதும் மலேசியாவின் நெகிரி செம்பிலான் பக்கம் வாழும் மினாங்கபாவ் மக்களின் கதை நினைவுக்கு வருகிறது. படையெடுத்து வந்தவர்களோடு எருமைச் சண்டையில் முடிவு காணலாம் என்று பேச்சு. எதிர்த்தரப்பு மலை போன்ற எருமையை இறக்கியது. இவர்கள் இறக்கியது பால்குடி மறவாத கன்றுக்குட்டி. பட்டினி போட்டு, மூக்கில் கூரிய இரும்பைக் கட்டி அனுப்பினார்கள். தாயென்று நினைத்துப் பால் தேடி ஓடிய கன்று பெரிய எருமையின் வயிற்றைக் கிழித்துவிட்டது. ‘வென்ற எருமை’ என்பதுதான் மினாங்கபாவ் என்ற பெயருக்கு அவர்கள் சொல்லும் பொருள். கன்றுக்கு உடல்பலம் கூட்டியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. கொடுத்தது ஒரு துண்டு இரும்பு, ஆனால் கொடுத்த இடம் சரியான இடம்.

போக்கிமானிலும் இதே கணக்குத்தான். மருமகனின் பிஜியாட்டையே எடுத்துக்கொள்வோம். 2013இல் வந்த எக்ஸ், ஒய் ஆட்டங்களில் அதன் அடிப்படை வேகம் 91இலிருந்து 101 ஆனது. போட்டிகளில் எல்லாரும் 50ஆம் நிலையில் மோதுவார்கள். முழுப் பயிற்சியும் வேகத்துக்கு உகந்த குணமும் இருந்தால், அடிப்படை 91 புள்ளிக்காரருக்குக் களத்தில் கிடைக்கும் வேகம் 157. அடிப்படை 100இல் நிற்கும் சாரிசார்ட், ஜாப்டோஸ், சாலமென்ஸ் என்ற போக்கிமான்களின் கூட்டத்துக்கு 167. பிஜியாட் 101 ஆனதும் 168க்கு வந்துவிட்டது. ஒரே ஒரு புள்ளிதான் முன்னே. ஆனால் வேகத்தில் ஒன்று முந்தினாலும் ஐம்பது முந்தினாலும் யார் முதலில் அடிப்பது என்பதில் வித்தியாசம் கிடையாது. பத்துப் புள்ளியில் ஒரு கூட்டத்தையே தாண்டியாயிற்று. சரி, அதோடு தீர்ந்ததா? அடிப்படை 102இல் கார்ச்சோம்ப் என்ற இன்னொரு போக்கிமான் நிற்கிறது. அதற்கு 169. பையனின் எரிச்சலே இதுதான்: “இன்னும் ரெண்டு குடுத்திருந்தா என்ன மாமா?” (2022இல் வந்த ஸ்கார்லெட், வயலெட்டில் பிஜியாட்டுக்கு இடமே இல்லை. ‘கொடுத்திருந்தால்’ என்று பேசுகிறவனுக்கு அதெல்லாம் ஒரு தடையா?)

இதற்கு எதிர்ப்பக்கம் ஃபார்ஃபெட்ச்ட் என்ற வாத்து. 2016இல் வந்த சன், மூன் ஆட்டங்களில் அதன் தாக்கு 65இலிருந்து 90 ஆனது. முழுசாக 25 புள்ளி! இருந்தும் வேகம் 60, உயிர்ப்புள்ளி 52. அடிக்கக் கை ஓங்குவதற்குள் விழுந்துவிடும். அதே ஆட்டத்தில் பெலிப்பர் என்ற பறவைக்குச் சிறப்புத் தாக்கில் வெறும் பத்துப் புள்ளியும், களத்தில் இறங்கியதுமே மழை பெய்விக்கும் தனித்திறனும் கொடுத்தார்கள். மழையில் நீர் அடிகள் ஒன்றரை மடங்கு, நெருப்பு பாதி. மழையில் நீந்தும் திறனுள்ள கூட்டாளியின் வேகம் இரட்டிப்பு. அதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத பெலிப்பர் மழை அணிகளில் நிரந்தர ஆளாகிவிட்டது. என் கணக்கில் அதுதான் கன்றின் மூக்கு இரும்பு.

இப்போது தமிழுக்கு வருவோம். ‘மெருகேற்றல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். மூலச் சொல்லின் தேய்த்துப் பளபளப்பாக்கும் பொருளுக்கு அச்சாகப் பொருந்தும், ஆனால் இங்கே வேண்டியது பளபளப்பு இல்லை. ‘சாணை பிடித்தல்’ எனக்கு ரொம்பப் பிடிக்கும். தேய்ப்பதும் உண்டு, கூர் ஏறுவதும் உண்டு. ஆனால் தற்காப்பைக் கூட்டினால் அதைச் சாணை என்று எப்படிச் சொல்வது? ‘வலுவூட்டல்’ தப்பில்லைதான், பாலத் தூணுக்குச் சிமெண்டு பூசுகிற மாதிரி ஒலிக்கிறது. நெர்ஃப்புக்கு அதிலிருந்து ஒரு ஜோடிச் சொல்லும் பிறக்கவில்லை.

நான் எழுதுவது வலுவேற்றம், வலுவிறக்கம். விலையில் ஏற்ற இறக்கம் பார்த்துப் பழகிய நமக்கு, ஒன்றைக் கேட்டாலே மற்றது விளங்கிவிடும். வினையாக வேண்டுமென்றால் புதிதாக எதையும் உருவாக்கத் தேவையில்லை, ‘தேற்று’ போதும். காய்ச்சலில் மெலிந்த பிள்ளையைத் தேற்றுகிறோம், சோப்ளாங்கியைத் ‘தேறாத கேஸ்’ என்கிறோம். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ‘மாமாக்’ உணவுக்கடையில் தே தாரிக் என்ற ஆற்றிய தேநீர் ஆறும்வரை பையன்கள் அலசுகிற கேள்வியும் “இதுக்கு என்ன குடுத்தா தேறும்?” என்பதுதான். ‘தேற்றம்’ என்ற பெயர்ச்சொல்லை மட்டும் கணக்குப் புத்தகக்காரர்கள் பித்தாகோரசுக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

இன்னொரு பொருளும் உண்டு, அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சண்டை நடக்கும்போதே ‘வாள்நடனம்’ என்ற வித்தையை ஆடித் தாக்கை இரட்டிப்பாக்கிக்கொள்ள முடியும். இதையும் பஃப் என்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இது நிரந்தரமில்லை. அந்தப் போக்கிமானைப் பின்னால் இழுத்துவிட்டால் ஏறியதெல்லாம் இறங்கிவிடும். இதற்கு ‘உசுப்பு’ என்பேன். உசுப்பேறியவன் சும்மா நாலு எட்டு நடந்துவிட்டு வந்தால் அடங்கிவிடுவான் அல்லவா, அதே சங்கதி.

இரண்டு சொல்லையும் மருமகனிடம் சொல்லிப் பார்த்தேன். வலுவேற்றம் என்றதற்கு “பாடப்புத்தகம் மாதிரி இருக்கு மாமா” என்று முகத்தைச் சுளித்தான். மறுநாள் சாயங்காலம் அவன் அறையிலிருந்து சத்தம்: “டேய், அவன் உசுப்பேத்திட்டான்டா! விரட்டு, விரட்டு!”