பெயின்ட் டின்னுக்குள் பட்டாசு: மிஸ்டர் பீன் போட்ட கணக்கு எங்கே இடிக்கிறது?

மிஸ்டர் பீன் தொடரில் வீட்டு வேலையை வைத்து ஒரு பகுதி உண்டு. பிரிட்டனின் ஐடிவியில் 1994 ஜனவரி 10 அன்று முதலில் ஒளிபரப்பானது. தன் ஒற்றை அறைக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும், ஆனால் பிரஷ் பிடிக்கப் பொறுமை இல்லை. பீனாக நடிக்கும் ரோவன் அட்கின்சன் அறையிலுள்ள அத்தனையையும் செய்தித்தாளில் சுற்றுகிறார். திராட்சைப் பழங்களைக்கூட ஒவ்வொன்றாக. பிறகு வெள்ளை பெயின்ட் டின்னுக்குள் ஒரு பெரிய பட்டாசைச் செருகி, திரியைக் கொளுத்திவிட்டு வெளியே போய்விடுகிறார். புத்தாண்டு விருந்துக்கு வந்து தொப்பியை மறந்துவிட்டுப் போன ஆள், அதை எடுக்க அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைகிறார். வெடித்து முடிந்தபின் அறை வெள்ளை. சுவரில் மட்டும் ஆள் வடிவத்தில் பழைய நிறம்.

இந்தக் காட்சியில் இயற்பியல் பாதி சரி, பாதி தப்பு. சரியான பாதி எது என்பதுதான் வேடிக்கை.

முதலில் பெயின்ட் போதுமா என்று பார்ப்போம். 4 மீட்டருக்கு 4 மீட்டர், உயரம் 2.5 மீட்டர் என்று ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். அதாவது சுமார் 13க்கு 13 அடி, உயரம் 8 அடி. நான்கு சுவர்களும் சேர்ந்து 40 சதுர மீட்டர், கூரை 16. சுவருக்கு அடிக்கும் தண்ணீர் கலந்த பெயின்டான எமல்ஷன், ஒரு கோட்டுக்கு, அதாவது ஒருமுறை பூச, லிட்டருக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். எனவே ரோலரில் அடித்தால் ஒரு கோட்டுக்கு 5.6 லிட்டர். பட்டாசுக்குச் சுவர் எது தரை எது என்று தெரியாது. தரையையும் சேர்த்தால் 72 சதுர மீட்டர், 7.2 லிட்டர். பிரிட்டன் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 2.5 லிட்டர் டின் ஒன்றை வெடித்து, அதைத் துளி வீணாகாமல் எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரப்பினாலும், ஈரப் படலத்தின் தடிமன் 0.035 மில்லிமீட்டர்தான் வரும். வேண்டியது 0.1. காய்ந்தபின் இதிலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். பழைய நிறம் பல்லிளிக்கும்.

சீராகப் பரவினால் என்ற அந்த நிபந்தனைதான் நடக்காத காரியம். அறையின் நட்டநடுவில், 1.25 மீட்டர் உயரத்தில் டின் இருக்கிறது, பெயின்ட் எல்லாத் திசைகளிலும் சமமாகத் தெறிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஓர் இடத்தில் எவ்வளவு படியும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. ஒன்று தூரம்: தூரம் இரண்டு மடங்கானால் படிவது நான்கில் ஒன்றாகும். மற்றொன்று சாய்வு: நேராக வந்து மோதும் பெயின்ட் சிறு பரப்பில் அடர்ந்து படியும், சாய்ந்து வருவது நீள இழுபடும்.

இப்போது 2.5 லிட்டரை வைத்துக் கணக்குப் போட்டால், டின்னுக்கு நேர் மேலே கூரையில் 0.127 மில்லிமீட்டர் படிகிறது. சுவரின் நடுவில் 0.05. இரண்டு சுவர்கள் சேரும் மூலையில், அதே உயரத்தில், 0.018. கூரையின் நான்கு மூலைகளில் வெறும் 0.008. கூரை நடுவுக்கும் மூலைக்கும் 15 மடங்கு வித்தியாசம்! ஒரே கூரையில் இந்த வித்தியாசம் இருந்தால் அதைப் பெயின்ட் அடித்தது என்று சொல்ல முடியாது, நடுவில் கறை பட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

பெரிய டின் வாங்கினால் சரியாகுமா? கூரை மூலைக்கு 0.1 மில்லிமீட்டர் போய்ச் சேர வேண்டுமானால் சுமார் 30 லிட்டர் வெடிக்க வேண்டும். அப்போது கூரை நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் பெயின்ட் நிற்க வேண்டியிருக்கும். நிற்காது. கால் மில்லிமீட்டரைத் தாண்டினாலே சாதாரண எமல்ஷன் சுவரில் வழியத் தொடங்கிவிடும். கூரையில் என்றால் சொட்டும். அளவைக் கூட்டக் கூட்ட மூலை சரியாகும், நடு நாசமாகும். இது டின்னின் குற்றமோ பட்டாசின் குற்றமோ இல்லை. சதுர அறைக்குள் ஒற்றைப் புள்ளியிலிருந்து தெளித்தால் இப்படித்தான். அறை உருண்டையாக இருந்திருந்தால் பீன் ஜெயித்திருப்பார்.

அதுவும் எல்லாத் திசையிலும் சமமாகத் தெறித்தால்தான். டின் அதைச் செய்ய விடாது. பக்கச் சுவர் எஃகுத் தகடு, மேல்பக்கம் திறப்பு. வாயு எங்கே தடை குறைவோ அங்கே போகும். மூடி திறந்திருந்தால் டின் பீரங்கிக் குழாய் மாதிரி வேலை செய்து, பெயின்டில் பெரும்பகுதியைத் தூணாகக் கூரைக்கு அனுப்பிவிடும். மூடியை இறுக்கி அடைத்தால் முதலில் பறப்பது மூடி. அதுவும் தாங்கினால் பக்கத்து இணைப்பு கிழிந்து அந்த ஒரு திசையில் மட்டும் பீய்ச்சும், கூடவே தகட்டுத் துண்டுகளும் பறக்கும். ஆளைக் கொல்லக்கூடியவை அவை. வானவெடிகள் எல்லாப் பக்கமும் ஒழுங்காக விரிவதற்குக் காரணம், அவற்றின் உறை காகிதத்தால் ஆன கோளமாக, எங்கும் ஒரே பலத்தோடு, வெடிமருந்து சரியாக மையத்தில் இருக்கும்படி செய்யப்படுவதுதான்.

உறைச் சிக்கலைத் தீர்த்தாலும் பெயின்ட் மென்மையான மேகமாகக் கிளம்பாது. கனமான திரவத்தை லேசான வாயு வேகமாகத் தள்ளும்போது, இரண்டும் சந்திக்கும் பரப்பு நிலையாக இருப்பதில்லை. சின்னச் சின்ன மேடுபள்ளங்கள் நொடியில் ஒரு சிறு பங்குக்குள் விரல்களாக வளர்ந்து திரவத்தைக் கிழித்துவிடும். இதற்கு ரேலி-டெய்லர் நிலையின்மை என்று பெயர். எமல்ஷனில் கெட்டிப்படுத்தும் பொருள் கலந்திருப்பதால், கிழிந்த விரல்கள் எளிதில் பொடித்துளியாகவும் உடையாது; நீளநீளமான இழைகளாகப் பறக்கும். சுவரில் விழுவது நட்சத்திரக் கீற்றுகளும் திட்டுகளும்தான். மித்பஸ்டர்ஸ் நிகழ்ச்சிக்காரர்களும் வெடிவைத்துப் பெயின்ட் அடித்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் சீரான கோட்டு கிடைக்கவில்லை.

துளி சிறிதாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் காற்று குறுக்கே வருகிறது. 0.1 மில்லிமீட்டர் துளியை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிந்தாலும், அசையாத காற்றில் அது ஒரு மீட்டர்கூடத் தாண்டாமல் தன் வேகத்தை இழந்துவிடும். 2 மீட்டர் தள்ளி இருக்கும் சுவரை அடைய வேண்டுமானால் பெரிய துளியாக இருக்க வேண்டும்; பெரிய துளி பொட்டாகத்தான் ஒட்டும். பெயின்டர்கள் ஏர்லெஸ் ஸ்பிரே துப்பாக்கியைச் சுவரிலிருந்து 30 சென்டிமீட்டரில் பிடித்து, அந்தத் தூரம் மாறாமல், முனை எப்போதும் சுவருக்கு நேராக இருக்கும்படி கையை நகர்த்துவது இதனால்தான். 100 முதல் 200 பார் அழுத்தத்தில் பெயின்டை நுண்துளியாக்கும் வேலை துப்பாக்கியுடையது. தூரத்தையும் கோணத்தையும் காப்பது கையுடையது. பீன் விட்டுவிட்டது இந்த இரண்டாவதைத்தான்.

செய்தித்தாள் ஏற்பாடும் தாங்காது. பெயின்ட் 2 மீட்டரைக் கடக்க நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும்; அழுத்த அலை ஒலி வேகத்தில், ஏறக்குறைய 6 மில்லிநொடியிலேயே வந்துவிடும். ஒட்டாமல் சுற்றிய தாளை அது முதலில் தூக்கும், பெயின்ட் பிறகு வந்து உள்ளே விழும். திராட்சைக்கு அவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டாம். ஜன்னல் கண்ணாடி உடையவும் சில கிலோபாஸ்கல் அழுத்தம் போதும்: 3 கிலோபாஸ்கல் என்பது ஒரு சதுர மீட்டர் கண்ணாடியில் சுமார் 300 கிலோ எடையைச் சாய்த்து வைத்ததற்குச் சமம்.

காட்சியில் நம்பவே முடியாதது போலத் தோன்றும் ஆள் வடிவம்தான் உண்மையில் சரியான பகுதி. வேகமாகத் தெறிக்கும் பெயின்ட் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் 2 மீட்டர் கடப்பதற்குள் அது கீழே இறங்குவது 5 சென்டிமீட்டர்தான். எனவே நடுவில் நிற்பவர் விளக்கொளியை மறைப்பது போலவே பெயின்டையும் மறைப்பார். ஒளி நிழலின் விதிகள் இதற்கும் பொருந்தும். டின் சுமார் 17 சென்டிமீட்டர் அகலம் என்று கொண்டால், ஆள் சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி நின்றிருந்தால் வடிவம் அவரைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், விளிம்பு 6 சென்டிமீட்டருக்கு மங்கலாகவும் இருக்கும். 20 சென்டிமீட்டர் நெருக்கத்தில் நின்றால் மங்கல் 2 சென்டிமீட்டராகக் குறைந்து, உருவமும் ஏறக்குறைய அசல் அளவில் விழும். கூர்மையான வடிவம் வேண்டுமானால் அந்த மனிதர் சுவரோடு ஒட்டி நின்றிருக்க வேண்டும்.

இதே விதிப்படி நாற்காலி, கட்டில், விளக்கு என்று அறையிலுள்ள ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு நிழல் விழ வேண்டும். சாமான்களைச் சுற்றி வைத்தால் போதாது, வெளியே தூக்கிப் போட்டிருக்க வேண்டும்.

அந்த விருந்தாளியின் நிழல் சுவரில் 0.8 சதுர மீட்டர் என்று வைத்து, அங்கே படிந்திருக்க வேண்டிய படலம் சராசரியாக 0.04 மில்லிமீட்டர் என்று கொண்டால், சுவருக்குப் போய்ச் சேராத பெயின்ட் சுமார் 30 மில்லி. இரண்டு மேசைக்கரண்டி. அது அப்படியே அவர் மேல் இருக்கும். எமல்ஷன் என்றால் காய்வதற்குள் சோப்பும் தண்ணீரும் போதும். எண்ணெய் கலந்த எனாமல் என்றால் டர்பன்டைன் தேட வேண்டும், தொப்பியைக் கைகழுவ வேண்டும்.