வென்டிலேட்டர் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாமா?

எழுதி வைக்கலாம்; இதற்கு மருத்துவ உயில் என்று பெயர். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, 'காமன் காஸ்' என்ற தொண்டு நிறுவனம் தொடுத்த வழக்கில் அதற்கு வழிவிட்டது. கண்ணியத்தோடு இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது தீர்ப்பு.

'கருணைக்கொலைக்கு அனுமதி' என்று இதைச் சொல்வதால் குழப்பம்தான் மிச்சம். ஊசி போட்டு உயிரை முடிப்பதும், நோயாளி கேட்டார் என்று மருந்து கொடுத்துச் சாக உதவுவதும் இந்தியாவில் இன்றும் குற்றம். குணமாக வழியே இல்லாத நிலையில், சாவைத் தள்ளிப்போட மட்டும் பயன்படும் சிகிச்சையை நிறுத்தலாம்; தொடங்காமலும் விடலாம். அவ்வளவுதான். இதற்கு மேலும் உரிமை வேண்டும் என்பவர்கள் உண்டு. ஆனால், வலி தணிக்கும் சிகிச்சையே எல்லா ஊருக்கும் எட்டாத நாட்டில், படுக்கையில் கிடக்கும் முதியவரைத் தானொரு பாரம் என்று நினைக்க வைப்பது சுலபம். அதனால் சட்டம் இப்போது நிற்கும் இடமே சரி என்பேன்.

முதலில் வகுத்த நடைமுறையில், இந்த மருத்துவ உயிலில் மாஜிஸ்திரேட்டும் கையெழுத்திட வேண்டியிருந்தது. யார் அலைவார்கள்? 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே அதைத் தளர்த்தியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்றொப்பம் வாங்கினால் போதும். எழுதுபவர் வயது வந்தவராக, தெளிந்த மனநிலையில், யாருடைய வற்புறுத்தலும் இன்றி எழுத வேண்டும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம்.

வாசகத்தில்தான் கவனம் தேவை. 'என்னைக் கஷ்டப்படுத்த வேண்டாம்' என்று எழுதினால் மருத்துவர்களுக்கு ஒன்றும் விளங்காது. தெளிவில்லாத உயிலை அவர்கள் செயல்படுத்தவும் மாட்டார்கள். 'குணமாகும் வாய்ப்பில்லை என்று மருத்துவக் குழு முடிவு செய்தபின் வென்டிலேட்டரோ டயாலிசிஸோ வேண்டாம். வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சிகிச்சையின் பெயர் சொல்லி எழுதுங்கள். உங்கள் சார்பில் பேசுபவராக ஒருவருக்கு மேல் நியமிக்கலாம். அமெரிக்காவில் இருக்கும் மகன் பெயரை மட்டும் போடாமல், கூப்பிட்டால் உடனே வந்து நிற்கும் மகளையும் சேருங்கள். ஒரு பிரதியைக் குடும்ப மருத்துவரிடம் கொடுங்கள். பீரோவில் பத்திரத்தோடு பத்திரமாக இருக்கும் உயிலால் பயனில்லை.

நோயாளி தானே முடிவெடுக்க முடியாத நிலைக்குப் போன பிறகே உயில் நடைமுறைக்கு வரும். சிகிச்சை தரும் மருத்துவரும், குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் அடங்கிய முதல் குழு, இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்லும். அடுத்து, மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் ஒருவர் இடம்பெறும் இரண்டாவது குழு அதைச் சரிபார்க்கும். உங்கள் சார்பில் பேச உயிலில் நியமிக்கப்பட்டவர்களின் சம்மதமும் கேட்கப்படும். சிகிச்சையை நிறுத்துமுன் மாஜிஸ்திரேட்டுக்கு மருத்துவமனை தகவல் தர வேண்டும்; அவருடைய அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

உயிலே எழுதாதவர் என்றாலும் குடும்பத்தாரின் சம்மதத்தோடு இதே இரண்டு குழுக்களும் முடிவெடுக்கலாம். குழு மறுத்துவிட்டால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.